ஜெயக்கொடி இன்னும் லாகினில் இருக்கிறார்

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. அதனால் ஊர்ச் சங்கத்தின் சார்பில் ஒன்றை நாங்களே நிறுவிக்கொண்டோம். பழைய பருத்தி ஜின்னிங் ஆலைக்குப் பின்னாலுள்ள வெற்றிடத்தில் கடல் இருக்கிறது. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் ஆலையின் எடைமேடை அறையில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பக்கத்துக் கடல் என்றால் வேம்பாருக்குப் போக வேண்டும். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி, வெயிலில் நடந்து, போய்ச் சேர்வதற்குள் கடல் பார்க்கும் ஆசையே வற்றிவிடும். வாடகைக்குக் கடல் தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. நம் அலைகள் எங்கோ வெளிநாட்டில் அவர்களுடைய கம்ப்யூட்டரில் அடிக்கும், நாம் இங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். சங்கத் தலைவர் பெத்துராஜ் அண்ணாச்சி அதற்குச் சம்மதிக்கவில்லை.

"நம்ம கடல் நம்ம ஊர்லதான்யா கெடக்கணும். ஒருநா அவன் ஒயரப் புடுங்கிட்டான்னா வேட்டியத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு எங்க போயி நிக்க?" என்றார்.

அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் நடத்திவந்த பிரவுசிங் சென்டர் மூடுகிற நிலையில் இருந்தது. எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. நாற்காலிகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மிச்சமிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பெயர் சொல்லாமல் "சிஸ்டம்" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து ஊருக்கே நான் சிஸ்டம்.

இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிழைச்செய்திகள்தான் சொல்லித்தந்தன. கட்டளையைத் தப்பாக அடித்தால் கறுப்புத் திரை ஒரு வரி திட்டும். அந்தத் திட்டுகளைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டேன். சரியாக அடித்தால் அது ஒன்றும் சொல்லாது, அடுத்த கட்டளைக்காகக் கர்சர் மட்டும் துடிக்கும். அந்த மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளப் பழகினேன். வேறு எங்கிருந்தும் எனக்குப் பாராட்டு வந்து வழக்கமில்லை. அதனால் பழகுவது சிரமமாக இல்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கடல் அது. யாரோ ஒருவர் பொழுதுபோக்காக எழுதிப் போட்டிருந்தார். இறக்கி, நிறுவி, துவக்கினேன். முதல் அலை எழுந்தபோது திரையில் ஒரு வரி வந்தது. அது விழுந்தபோது இன்னொரு வரி.

கடலை நான் நேரில் பார்த்ததில்லை. ஊர்க்காரர்கள் உள்ளே போக ஆளுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டு. பராமரிப்பவனுக்கு அது கிடையாது. அவன் வாசல் வழியாகப் போகிறவன் இல்லை, அடியில் படுத்துக் கிடக்கிறவன். எனக்கு ஒவ்வொரு அலையும் ஒரு வரிதான்: எங்கே எழுந்தது, எவ்வளவு உயரம், எங்கே விழுந்தது. ஊர் தூங்கும்போது நான் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பகலில் படுத்தால் தூக்கம் வராது, எழுந்து நடந்துகொண்டே இருப்பேன். கண்ணை மூடினாலும் வரிகள் மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

உள்ளே போகிறவர்களின் முகம் வாசலிலேயே சர்வரில் ஏறிவிடும். வெளியே வரும்போது இறங்கும். உப்புக்காற்றில் கெட்டுப்போகாமல் இருப்பதற்காக அப்படி எழுதியிருக்கிறார்கள். கடல் பார்க்க முகம் தேவைப்படவில்லை என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். நிறுவும்போதே, யாருடைய முகமாவது தவறிப்போனால் பதிலுக்குக் கொடுக்க ஒரு பொது முகம் வேண்டும் என்று திரை கேட்டது. அறையில் என்னைத் தவிர யாருமில்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

கடல் கரை இல்லாமல்தான் வந்தது. கரை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு கூடை ஆற்று மணல் கொண்டுவந்தார்கள், நான் ஏற்றினேன். மணலும் முகங்களும் ஒரே ஃபோல்டரில் இருந்தன. கம்ப்யூட்டரின் டிஸ்க் சின்னது என்பதால் அந்த ஃபோல்டரை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ஒரு கைகாட்டியை நட்டுவைத்தேன். கம்ப்யூட்டர் அந்தப் பக்கம் தேடிக்கொண்டு வந்தால் கைகாட்டியைப் பார்த்துச் சரியான இடத்துக்குப் போய்விடும். இந்த வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. செய்துவிட்டு மறந்துபோவதும் எல்லோரும் செய்வதுதான்.

ஜெயக்கொடி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஊருக்கு மேற்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரை போட்டதோடு, பூச்சுவேலைக்கு முன்னால் வேலை நின்றிருந்தது. ஒரு சாயங்காலம் மனைவி தவமணியோடு கடலுக்கு வந்தவர், கடலோடு சேர்ந்து வந்திருந்த ஒரே ஒரு படகில் ஏறி, "அந்தக் கரையப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கரையை இன்னும் எழுதவில்லை. கடலோடு வந்த குறிப்பில் அது இருக்கிறது: மறுகரை, அடுத்த பதிப்பில். ஜெயக்கொடி குறிப்பைப் படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் தவமணி தூக்குச்சட்டியோடு எடைமேடை அறைக்கு வருவாள். ஜன்னலுக்கு வெளியிலேயே நின்று கேட்பாள்.

"இருக்காகளாண்ணே?"

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிற கட்டளையை அடிப்பேன். உச்சி வெயிலில் கடலுக்கு யாரும் வருவதில்லை. பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருக்கும்.

"இருக்காரும்மா."

"அசஞ்சாகளா?"

"சித்த முந்தி துடுப்புப் போட்டிருக்காரு."

"எந்தப் பக்கமா?"

"அது இதுல தெரியாதும்மா."

உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்புகிற கட்டளையும் உண்டு. தவமணி சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். "சிமெண்டு மூட்டையெல்லாம் கட்டிபட்டுப் போச்சு, கொத்தனாரு வேற வேலைக்குப் போயிட்டாரு, ஒங்க அக்கா வந்து தெரு கேக்க ஏசிட்டுப் போகுது..." என்று ஆரம்பிப்பாள். பிறகு கையை அசைத்து, "வேணாண்ணே, அத அழிச்சிருங்க. சாப்பாடு ஆறுதுன்னு மட்டும் போடுங்க" என்பாள்.

சாப்பாடு ஆறுது. அனுப்புவேன். பதில் வராது.

ஒருநாள் தூக்குச்சட்டியையே அனுப்ப முடியுமா என்று கேட்டாள். ஏற்றிப் பார்த்தேன். அனுமதித்த அளவைவிடப் பெரியது என்று திரை திருப்பிவிட்டது. மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ரசத்தைக் குறைத்தும் பார்த்தேன். போகவில்லை.

"அப்ப நீங்க சாப்பிடுங்கண்ணே. வீணாப் போயிரும்ல" என்றாள்.

இப்படித்தான் ஜெயக்கொடியின் சாப்பாட்டை நான் சாப்பிட ஆரம்பித்தேன். குழம்பில் எப்போதும் ஒரு கல் உப்பு குறைவாக இருக்கும். நான் சொன்னதில்லை. அது எனக்காகச் சமைத்தது இல்லை. ஆனால் மத்தியானம் ஆனால் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

கடலின் ஒவ்வொரு அலையும் டிஸ்க்கில் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டே இருந்தது. பழைய அலைகளை அழித்து இடம் செய்து பார்த்தேன். அழிப்பதைவிட வேகமாகப் புதிய அலைகள் வந்தன. கடைசியில் கடல் திக்க ஆரம்பித்தது. பெத்துராஜ் அண்ணாச்சி ஈர வேட்டியோடு அறைக்கு வந்தார்.

"அலை எந்திரிச்சு பாதிலயே நிக்குய்யா. முதுகக் காட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் நான் நிக்க? ரீஸ்டார்ட் போடும்."

"போட்டா உள்ள இருக்கறவங்க வெளிய வர வழியில்லாம வெட்டுப்பட்டுப் போயிருவாங்க அண்ணாச்சி."

"ஒருத்தன்தான இருக்கான்."

தவமணி ஜன்னலில் நின்றிருந்தாள். "ஒருத்தருன்னா பரவால்லயாக்கும்? ஒங்க வீட்டுல எத்தன பேரு கடலுக்குள்ள இருக்காக அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்தார். "நான் பொதுவாச் சொன்னேன் தாயி" என்றார்.

வேறு வழி ஒன்று இருந்தது. இரண்டு அலைகளுக்கு நடுவே கடலை நிறுத்தி, உள்ளே இருக்கிறவர்களோடு முழுசாகப் பொட்டலம் கட்டி, ஒரு பெரிய புதுக் கம்ப்யூட்டரில் அவிழ்ப்பது. யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதும் கடலுக்குள்ளேயே எழுதியிருப்பதால் ஜெயக்கொடியும் அப்படியே வந்துவிடுவார். தவமணிக்கு இதை விளக்கினேன்.

"உசுரோட கட்டி உசுரோட அவுப்பீகளா?"

"ஆமாம்மா."

"இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீகளா?"

"இல்ல."

அவள் வெகுநேரம் ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சரி, செய்ங்க. கட்டும்போது இறுக்கிராதீக" என்றாள்.

பழைய கம்ப்யூட்டரையும் டிஸ்க்குகளையும் வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவரை அண்ணாச்சி மதுரையிலிருந்து வரவழைத்திருந்தார். மத்தியானம் வேலையைத் தொடங்கினேன். ஓர் அலை விழுந்து அடுத்தது எழுவதற்கு முன்னால் கடலை நிறுத்தினேன். திரையில் வரிகள் நின்றன. நான் இந்த அறைக்கு வந்த பிறகு அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. வெளியே ஆலைச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தன. தவமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பொட்டலம் கட்டினேன். இறுக்கவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் வைத்து அவிழ்த்துத் துவக்கினேன். ஒரு வரி வந்தது. இன்னொரு வரி. பட்டியலைக் கேட்டேன்.

"இருக்காரும்மா."

தவமணி அப்படியே ஜன்னலுக்கடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அலை சரி. காற்று சரி. ஆழம் சரி. ஊர்க்காரர்களின் பெயர்கள் எல்லாம் சரி. என் திரையில் தெரிகிற அத்தனையும் சரி. கடைக்காரரிடம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் அங்கேயே பழைய டிஸ்க்குகள் இரண்டையும் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, அவற்றைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அவர்களுடைய வழக்கம் அது.

சாயங்காலம் வாசலைத் திறந்ததும் தலைவர் என்ற முறையில் அண்ணாச்சிதான் முதலில் உள்ளே போனார். போனவர் நேராகத் தண்ணீருக்குள் விழுந்தார்.

"யோவ் சிஸ்டம்" என்று கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து குரல் கொடுத்தார். "கால வைக்க எடம் இல்லய்யா."

என் திரையில் கரை எப்போதும் தெரிந்ததில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். கரை இருக்கவேண்டிய இடத்தில் கரை எங்கே இருக்கிறது என்று காட்டும் கைகாட்டிதான் இருந்தது. ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காக அவிழ்த்திருந்தேன். அது இப்போது தண்ணீர் நடுவே நின்று, மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு சாக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைகாட்டிக் கம்பத்தை ஆளுக்கு ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதந்தபடி கடல் பார்த்தார்கள். சுண்டல் விற்கிறவர் மட்டும் இரண்டு கையும் வேண்டும் என்று திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் தவமணி ஜன்னலுக்கு வந்து வழக்கம்போலக் கேட்பதற்கு முன்பே திரையில் அலை அல்லாத ஒரு வரி வந்தது. ஜெயக்கொடியிடமிருந்து.

அலை கொஞ்ச நேரம் நின்னுச்சு. வீட்டு ஞாபகம் வந்துருச்சு. திரும்பிட்டேன். கரை எங்க?

தவமணியை உள்ளே கூப்பிட்டேன். அவள் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"கரை எங்கன்னு கேக்காக."

"ஆமாம்மா."

"சொல்லுங்க."

"இல்லம்மா. அது வரல."

"மணலுதான வேணும்?" என்றாள்.

அண்ணாச்சி மைக் கட்டி வீட்டுக்கு ஒரு கூடை மணல் கேட்டார். போன தடவை கொடுத்த கூடையே திரும்பி வரவில்லை என்றார்கள். கொடுக்க மனம் உள்ளவர்களிடமும் ஆற்று மணல் இல்லை. இப்போது எல்லா வீட்டு வாசலிலும் கல்லை அரைத்துச் செய்த எம்-சாண்ட்தான் கிடக்கிறது. ஒரு கூடை வாங்கி ஏற்றிப் பார்த்தேன். இந்த வகை ஏற்கப்படாது என்று திரை மறுத்துவிட்டது. அண்ணாச்சி திரையிடமே எடுத்துச் சொன்னார். "கவர்மெண்டே ஏத்துக்கிருச்சு, ஒனக்கென்ன?" என்று கேட்டார். அது திரும்பவும் அதே வரியைத்தான் சொன்னது.

திரையில் இன்னொரு வரி வந்தது. கை வலிக்கு. சித்த தூங்கிக்கிறேன்.

இது நல்லதில்லை. நெடுநேரம் அசையாமல் இருக்கிறவர்களைக் கடல் தானாகவே வெட்டிவிடும். இலவசக் கடல்களில் அப்படித்தான். அதை மாற்ற வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். தவமணியிடம் சொன்னேன்.

"தூங்க விடாதீக" என்றாள். "எங்க வீட்டு வாசல்ல ஆத்து மணலு குமிச்சுக் கெடக்கு. பூச்சுவேலைக்குன்னு அவுக வாங்கிப் போட்டது. நான் அள்ளியாறேன். அதுவர நீங்க ஏசிக்கிட்டே இருங்க."

"நானா?"

"நான் சொல்லிட்டுப் போறத அடிங்க."

முதல் கூடை அளவு வரம்பைத் தாண்டியது. அமைப்புக் கோப்பைத் திறந்து, வரம்பைக் கூடைக்கு மேல் உயர்த்தினேன். ஓர் எண்ணை மாற்றுகிற வேலை, ரீஸ்டார்ட்கூடத் தேவையில்லை. தூக்குச்சட்டிக்கும் இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

அவள் ஒவ்வொரு கூடையையும் தலையில் சுமந்து வந்து மேஜையில் கொட்டிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வரி சொல்லுவாள். நான் மணலை ஏற்றிக்கொண்டே அடிப்பேன். முன்பு அழிக்கச் சொன்ன வரிகள் எல்லாம் இப்போது வந்தன.

"சிமெண்டு கட்டிபட்டுப் போச்சுன்னு போடுங்க."

"கொத்தனாரு அட்வான்ஸோட ஓடிட்டாருன்னு போடுங்க."

"அந்தக் கரைல என்ன வச்சிருந்துச்சு, இந்தக் கரைல இல்லாததுன்னு போடுங்க."

"இதப் போடாதீக," என்று ஒரு தடவை கூடையை இறக்கிவிட்டு நின்றாள். "இல்ல, போடுங்க. நான் செத்துருந்தாலும் இப்படித்தான் படகு ஏறியிருப்பீகளான்னு கேளுங்க."

அடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் ஒரு துடுப்பு அசைந்தது. ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. அக்கா என்னா ஏசுச்சு? தவமணி அதற்கு மூன்று கூடைக்குப் பதில் சொன்னாள்.

வாசலில் குவியல் தீர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒரு கட்டில் அகலத்துக்குக் கரை வந்திருந்தது. மிதந்துகொண்டிருந்தவர்கள் அதில் ஏறி நிற்கப் பார்த்தார்கள். அண்ணாச்சி கைகாட்டிக் கம்பத்திலிருந்தே அவர்களைச் சத்தம்போட்டுத் தடுத்தார். "படகு வர எடத்த விடுங்கய்யா. அது ஒருத்தன் வீட்டு மணலு."

படகு தட்டியதைத் திரை ஒரு வரியாகச் சொன்னது. தவமணி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நானும் போனேன். வாசலுக்கு வெளியே நிற்க எனக்குப் பெயரோ பாஸ்வேர்டோ தேவையில்லை.

முகங்களும் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மற்றவர்களுடைய முகம் மாற்றத்துக்குப் பிறகு புதிதாக ஏறியது. ஜெயக்கொடியுடையது மாற்றத்துக்கு முன்பே ஏறியது, சாக்கோடு போய்விட்டது.

அவர் என் முகத்தோடு வெளியே வந்தார். கை காய்த்துப்போயிருந்தது, சட்டை உப்பு பூத்திருந்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவரின் தோள், அதற்கு மேல் நான். தவமணி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"மெலிஞ்சிட்டீக" என்று அவரிடம் சொன்னாள்.

அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் மெல்லும்போது இடது பக்கம்தான் மெல்லுவேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் தவமணி காலிக் கூடையை அவர் தலையில் கவிழ்த்தாள். இரண்டு பேரும் மேற்கே நடந்தார்கள். அண்ணாச்சி கம்பத்திலிருந்து ஒரு கையால் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு நான் டீக்கடைக்குப் போனால் மாஸ்டர் என்னையே உற்றுப் பார்ப்பார். "நீங்க ஜெயக்கொடிக்குச் சொந்தமாண்ணே? மூக்கு அப்படியே அவரு மூக்கு" என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். "இல்லன்னா பரவால்ல. இருந்தாலும் ஒரு சாயல் இருக்கு" என்று சமாதானம் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ஓடி வந்து, பருத்திக்கொட்டை லோடு ஒன்று இருக்கிறது, ஆட்டோ எங்கே என்று கேட்டார். நான் எங்கே போனாலும் இன்னொருவரைக் கொஞ்சம் போல இருக்கிறவனாகத்தான் போனேன்.

மத்தியானங்களில் ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. பசி எடுக்கும். எழுந்து போய்ச் சாப்பிட மனம் வராது. வரிகள் ஏறிக்கொண்டிருக்கும். ஜெயக்கொடி வீட்டில் பூச்சுவேலை நடக்கவில்லை, மணல் இல்லை. செங்கல் தெரிகிற அந்தச் சுவர்களுக்குள் என் முகம் பாயில் படுத்துத் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு பேரில் ஒருவருக்காவது தூக்கம் வந்தால் சரி.

ஒரு மத்தியானம் தவமணி வந்தாள். கையில் தூக்குச்சட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அவுகதான்ணே பாத்துட்டு வரச் சொன்னாக."

"என்னத்தம்மா?"

"'நான் இன்னும் அங்க இருக்கனான்னு சிஸ்டத்துக்கிட்ட கேட்டுட்டு வா'ன்னாக. காலைலருந்து ஒரு வாய்க்கு மேல சோறு எறங்கல அவுகளுக்கு."

கட்டளையை அடித்தேன். அவர் வெளியே வந்த நாளிலிருந்து நான் அதை அடித்துப் பார்க்கவில்லை. உச்சி வெயில். பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது, ஜெயக்கொடி. சொந்த முகம் இறங்காதவரை வெளியே வந்ததாகக் கடல் கணக்கு வைக்கவில்லை போலும். சற்று முன்னால் துடுப்புப் போட்டிருந்தார்.

"இருக்காரும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியை உள்ளே நீட்டினாள்.

"அப்படித்தான் இருக்கும்னு ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பொங்குனேன். இப்ப போகுமாண்ணே இது?"

வரம்பு கூடை அளவுக்கு உயர்ந்தபடியேதான் இருந்தது. "போகும்" என்றேன்.

மூடியைத் திறக்காமலே ஏற்றினேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. சட்டி காலியாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். சில அலைகள் வந்தன. அப்புறம் ஒரு வரி.

ஒரு கல் உப்பு கம்மி.

தவமணியிடம் வாசித்துக் காட்டினேன்.

"வீட்டுல இருக்கறவுகளும் அதத்தான் சொன்னாக" என்று சொல்லிவிட்டு, காலித் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு மேற்கே போனாள்.